ஓநாயின் வாய்க்குள் ஒரு வாழ்த்து

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஆங்கிலத் தொடர்களை இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோகும்போது ஏற்படும் குழப்பங்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதப் பகுதியை முழுவதும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றில் வரும் ‘த’ நம்முடைய ‘த’வைப் போலவே பல்லில் பட்டுப் பிறக்கும் ஒலி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கும் இத்தாலியர் ஒருவருக்கும் இங்கே சிங்கப்பூரில் திருமணம் நடக்கவிருக்கிறது. மாப்பிள்ளையின் பெற்றோர் பொலோஞாவிலிருந்து வருகிறார்கள். ஆங்கில அழைப்பிதழை என் மகன் தானே இத்தாலியத்தில் எழுதினான். பெற்றோர் என்பதற்குப் ‘பரென்த்தி’ என்றும், மணமக்கள்மீது ‘கொன்ஃபெத்தி’ தூவப்படும் என்றும் எழுதியிருக்கிறான். மாப்பிள்ளை பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். காரணம் சொல்ல மறுக்கிறார். அவருடைய பெற்றோரை நான் எப்படி அழைப்பது என்பதும் தெரியவில்லை. (தோ பாயோ வாசகி)

பதில்: முதலில் என் வாழ்த்துகள். ‘பரென்த்தி’ என்ற சொல் பெற்றோருக்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே காதில் விழுந்தாலும், இத்தாலியத்தில் அதற்கு உறவினர்கள் என்றுதான் பொருள். பெற்றோருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘ஜெனித்தோரி’. ஆகவே, மணமகளின் பெற்றோர் அழைப்பதாக இருக்கவேண்டிய வரி, மணமகளின் சொந்தக்காரர்கள் அழைப்பதாக நிற்கிறது. பெற்றவர்கள் எங்கே போனார்கள் என்று படிப்பவர் திகைப்பார்.

‘கொன்ஃபெத்தி’ இன்னும் வேடிக்கையானது. ஆங்கிலத்தில் அது வண்ணக் காகிதத் துண்டுகளைக் குறிக்கும். இத்தாலியத்தில் சர்க்கரை பூசிய பாதாம் பருப்பைக் குறிக்கும். அங்கே திருமண விருந்தினர்களுக்குச் சிறு பையில் ஐந்து பாதாம் போட்டுக் கொடுப்பது வழக்கம். உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. நாம் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று மொய் எழுதுவதைப்போல அங்கேயும் ஒற்றைப்படைதான் மங்கலம். உங்கள் மகனின் அழைப்பிதழைப் படிக்கும் இத்தாலியர், மணமக்களின் தலையில் பாதாம் பருப்பைக் கொட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். காகிதத் துண்டுகளுக்கு இத்தாலியத்தில் ‘கொரியாந்தொலி’ என்று பெயர், அதாவது கொத்தமல்லி. முன்பு திருவிழாக்களில் சர்க்கரை பூசிய மல்லி விதைகளை வீசினார்கள். பின்னர் காகிதம் வந்தது, பெயர் மட்டும் மல்லியாகவே தங்கிவிட்டது. ஆனால் உங்களுக்கு இந்த இரண்டு சொல்லுமே தேவையில்லை. இத்தாலியர்களும் மணமக்கள்மீது அரிசியைத் தூவுகிறவர்கள்தாம். அட்சதையை விளக்க ‘ரீஸோ’ என்ற ஒரே சொல் போதும். மஞ்சளை மட்டும் நீங்கள் கையில் எடுத்துக் காட்டவேண்டியிருக்கும்.

அழைக்கும் முறைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘சம்பந்தி’ என்பதற்குச் சொல்லே கிடையாது. ‘என் மகளுடைய கணவரின் தாயார்’ என்று தெருச் சுற்றித்தான் வரவேண்டும். இத்தாலியத்தில் உண்டு. ஆண் சம்பந்தி ‘கொன்ஸ்வோச்செரோ’, பெண் சம்பந்தி ‘கொன்ஸ்வோச்செரா’, இருவரும் சேர்ந்தால் ‘கொன்ஸ்வோச்செரி’. நம்மைப் போலவே இரண்டு குடும்பம் கலப்பதை ஓர் உறவாக எண்ணிப் பெயரிட்டவர்கள் அவர்கள். விருந்தினர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பாருங்கள், அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிடும். நேரில் அழைப்பதற்கு அவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள். அங்கே அது மரியாதைக் குறைவு அன்று.

எல்லா உறவிலும் இப்படிக் கைகொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ‘நிப்போத்தே’ என்ற ஒரே சொல் பேரன், பேத்தி, அண்ணன் மகன், தங்கை மகள் எல்லாரையும் குறிக்கும். சம்பந்தியம்மாள் எனக்கு மூன்று ‘நிப்போத்தே’ என்று சொன்னால், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குழந்தை இருக்கிறதோ என்று பதறவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ‘நீங்கள்’ என்பதற்கு ‘லேய்’, ‘நீ’ என்பதற்குத் ‘தூ’. ஆங்கிலம் வழியாக இத்தாலியம் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பாடமாக நடத்தவேண்டியிருக்கிறது. நமக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து. ‘லேய்’ என்பதன் நேர்ப்பொருள் ‘அவள்’. மீசை வைத்த ஆணிடம் பேசினாலும் மரியாதைக்கு அதே சொல்தான். விந்தையாகத் தோன்றினால், நம்முடைய ‘தாங்கள்’ என்பதும் படர்க்கையிலிருந்து எழுந்துவந்து முன்னிலையில் அமர்ந்த சொல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1938ஆம் ஆண்டில் முசோலினியின் ஆட்சி ‘லேய்’ கூடாது, ‘வோய்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று வற்புறுத்திப் பார்த்தது. அந்த ஆட்சி போன பிறகு ‘லேய்’ தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் ‘லேய்’ என்றே தொடங்குங்கள். ‘தூ’ என்று பேசிக்கொள்வோமே என்று அவர்களே வாய்விட்டுக் கேட்பார்கள், பெரும்பாலும் முதல் விருந்து முடிவதற்குள்.

கேள்வி: ‘ச்சாவோ’ என்று பெரியவர்களிடம் சொல்லலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: முன்பின் அறியாத பெரியவரிடம் வேண்டாம், ‘புவோன்ஜோர்னோ’ சொல்லுங்கள். இத்தனைக்கும் அந்தச் சொல் பிறந்தபோது மிகவும் பணிவானது. வெனிஸ் வட்டார வழக்கில் ‘உங்கள் அடிமை’ என்று பொருள்படும் சொல் தேய்ந்துதான் ‘ச்சாவோ’ ஆயிற்று. நம்முடைய ‘அடியேன்’ தேய்ந்து, நண்பர்களைப் பார்த்துக் கையசைக்கும் சொல்லாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோ பாயோ வாசகிக்கும் ஒரு வார்த்தை: மணமேடைக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வேகமாகச் சொன்னால் நம் பாட்டிகளின் காதில் ‘சாவு’ என்று விழும். சம்பந்தி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: வீட்டிலிருந்தே முறுக்கு, சீடை செய்து விற்கிறேன். இத்தாலிய வாடிக்கையாளர் ஒருவர் தம் ஊருக்கு எடுத்துச்செல்ல நிறைய வாங்குகிறார். கெடாமல் வைக்கும் இரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை என்று பொட்டலத்தில் இத்தாலியத்தில் அச்சிட விரும்புகிறேன். ஆங்கிலச் சொல்லின் கடைசியை மாற்றிப் ‘பிரெஸெர்வத்தீவி’ என்று போடலாம் என்கிறார் என் மைத்துனர். (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டீர்களானால் உடனே தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்துங்கள். அந்தச் சொல்லுக்கு இத்தாலியத்தில் ஆணுறை என்று பொருள். உங்கள் முறுக்கில் அது இல்லை என்பது உண்மைதான் என்றாலும், பொட்டலத்தில் போட்டு உறுதிமொழி கொடுக்கவேண்டிய செய்தி அன்று. நீங்கள் தேடும் சொல் ‘கொன்ஸெர்வன்த்தி’. ‘ஸென்ட்ஸா கொன்ஸெர்வன்த்தி’ என்றால் கெடாமல் வைக்கும் பொருள் சேர்க்காதது. ஆங்கிலச் சொல்லின் வாலில் ஓர் உயிரெழுத்தைக் கட்டிவிட்டால் இத்தாலியம் ஆகிவிடும் என்ற உங்கள் மைத்துனரின் கொள்கை பாதி இடங்களில் பலிக்கும்; மீதிப் பாதியில் மானத்தை வாங்கிவிடும்.

அந்த மீதிப் பாதியில் பயணிகளுக்குத் தேவையானவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘காமெரா’ என்றால் அறை. ‘பெப்பெரோனி’ என்றால் குடைமிளகாய். இறைச்சி என்று நினைத்துச் சைவர்கள் பீட்சாவைத் தள்ளிவைக்க வேண்டாம், காரமான இறைச்சித் துண்டு என்று நினைத்து அசைவர்கள் கேட்டு ஏமாறவும் வேண்டாம். ‘லத்தே’ என்று மட்டும் சொன்னால் ஒரு குவளைப் பால் வரும். ‘கால்தோ’ என்பது ஆங்கிலக் காதுக்குக் குளிர் என்று கேட்கும். ஆனால் அது சூடு. குழாய்களில் ‘சி’ எழுத்து போட்டிருப்பது அந்தக் ‘கால்தோ’வுக்குத்தான். நானே ஒருமுறை ஃபுளோரன்ஸ் விடுதி ஒன்றில் ‘சி’ குளிர்நீர் என்று நம்பிக் கையை நீட்டி, அந்தச் சொல்லை ஆயுளுக்கும் மறக்காதபடி கற்றுக்கொண்டேன்.

கேள்வி: பகுதிநேர வகுப்பில் இத்தாலியம் படிக்கிறேன். ‘ஐ லைக்’, ‘ஐ மிஸ் யூ’, ‘ஐ ஆம் ஹங்ரி’ ஆகிய எளிய தொடர்களைக்கூட என் வகுப்புத் தோழர்கள் தப்பாகவே சொல்கிறார்கள்; எனக்கு மட்டும் எளிதாக வருகிறது. ஆசிரியர் வியக்கிறார். எனக்கே காரணம் தெரியவில்லை. (பொங்கோல் வாசகர்)

பதில்: காரணம் உங்கள் வீட்டில் பேசும் மொழியாக இருக்கலாம். ஆங்கில வாக்கியத்தில் ‘நான்’ முன்னால் வந்து நின்றுகொண்டு காப்பியை விரும்பும். இத்தாலியத்தில் ‘மி பியாச்சே இல் கஃப்பே’. இதில் ‘மி’ என்பது ‘எனக்கு’. வினையோ காப்பிக்கு உரியது. ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்று தமிழில் நினைத்தால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நினைப்பவர் முதலில் அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட வேண்டும். உங்கள் தோழர்கள் அந்தப் புரட்டலில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

‘ஐ ஆம் ஹங்ரி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நானே பசி’ என்பது போன்ற ஒன்று கிடைக்கும். இத்தாலியர் பசியை உடையவராக இருப்பார்: ‘ஓ ஃபாமெ’. வயதும் அப்படித்தான், அவர்கள் இருபது வயதாக இருப்பதில்லை, இருபது வயதை வைத்திருக்கிறார்கள். நமக்கும் பசி வருகிறது, வயது ஆகிறது. நாமே பசியாகவோ வயதாகவோ ஆவதில்லை.

‘ஐ மிஸ் யூ’ என்பதுதான் இவற்றில் மிக அழகானது. நம் பிள்ளைகள் ‘மிஸ் பண்றேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் தமிழில் அதற்கு வழியில்லை என்று எண்ணுகிறோம். இத்தாலியர் ‘மி மங்க்கி’ என்கிறார்கள். நேர்ப்பொருள் ‘எனக்கு நீ குறைகிறாய்’. ‘நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது’ என்று வெளிநாட்டில் படிக்கும் மகனிடம் ஒரு தாய் சொல்லும்போது, குறை எங்கே இருக்கிறது என்பதைத் தமிழும் இதே இடத்தில்தான் காட்டுகிறது. ஆங்கிலத்தில் பிரிவு என்பது நான் செய்யும் ஒரு செயல். இத்தாலியத்திலும் தமிழிலும் அது எனக்கு நேர்ந்த ஒன்று.

ஆனால் ‘தெரியும்’ என்ற இடத்தில் தமிழ் உங்களைக் கைவிடும். நமக்கு நீச்சலும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரையும் தெரியும். இத்தாலியத்தில் செய்திக்கும் திறமைக்கும் ‘ஸப்பேரெ’, பழக்கத்துக்கும் அறிமுகத்துக்கும் ‘கொனோஷெரெ’. இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: என் இத்தாலியச் சக ஊழியர் முக்கியமான தேர்வு ஒன்றை எழுதவிருந்தார். நற்பேறு வாய்க்கட்டும் என்று இத்தாலியத்தில் வாழ்த்தினேன், முகம் சுருங்கிவிட்டது. (பிடோக் வாசகர்)

பதில்: நீங்கள் சொன்னது ‘புவோனா ஃபொர்தூனா’வாக இருக்கவேண்டும். இலக்கணப்படி பிழையில்லை, நல்ல சொல்தான். ஆனால் தேர்வுக்கும் மேடைக்கும் போகிறவரிடம் அதை நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று அஞ்சும் இத்தாலியர்கள் இருக்கிறார்கள். அங்கே வழங்கும் வாழ்த்து ‘இன் பொக்கா அல் லூப்போ’, அதாவது ‘ஓநாயின் வாய்க்குள்’. அதற்கு நன்றி சொல்லாமல் ‘கிரேப்பி’ என்று பதில் சொல்வதே மரபு. ‘அது செத்துத் தொலையட்டும்’ என்று பொருள். விலங்குகள்மீது அன்பு கொண்டவர்கள் இப்போது ‘ஓநாய் வாழ்க’ என்று மாற்றிச் சொல்லவும் தொடங்கியிருக்கிறார்கள்.

நல்லதற்குப் போகிறவனை ஓநாயின் வாய்க்குள் அனுப்புவது என்ன வழக்கம் என்று கேட்பீர்கள். அழகான குழந்தையின் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துக் கெடுத்துவிட்டுத்தானே நாம் வெளியே தூக்கிப்போகிறோம்? நல்லதை அப்படியே வெளிச்சத்தில் காட்டினால் கண்பட்டுவிடும் என்ற அச்சம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. திருஷ்டிப் பொட்டின் பொருளை அறிந்தவருக்கு இந்த ஓநாயை விளக்கவேண்டியதே இல்லை.

சகுனத் தொடர்களை எல்லாம் இப்படித்தான் ஊருக்கு ஊர் சரிபார்க்கவேண்டும். கண்படாமல் இருக்க ஆங்கிலேயர் மரத்தைத் தொடுவார். இத்தாலியர் இரும்பைத் தொடுவார். ஆங்கிலேயருக்கு ஆகாதது பதின்மூன்றாம் தேதி வெள்ளி. இத்தாலியருக்குப் பதினேழாம் தேதி வெள்ளி. ரோமன் எண்ணில் பதினேழைக் குறிக்கும் எழுத்துகளை இடம் மாற்றினால் இலத்தீனில் ‘வாழ்ந்து முடித்தேன்’ என்று பொருள்படும் சொல் வருவது அதற்குச் சொல்லப்படும் காரணம். யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவரே வந்து நின்றால் ஆங்கிலேயர் சாத்தானை நினைப்பார். இத்தாலியரும் சாத்தானின் கொம்பு தெரிகிறது என்பார். நாமோ ‘உங்களுக்கு நூறு ஆயுசு’ என்கிறோம். இந்த ஒன்றில் நம் முன்னோரின் மனசு பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகையால் இதை இத்தாலியத்தில் சொல்லும்போது அவர்களுடைய சாத்தானைக் கடன் வாங்காதீர்கள்; நூறாண்டு வாழ்வீர்கள் என்பதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

மழையைப் பற்றிக் கேட்ட புக்கிட் பாத்தோக் வாசகருக்கு: ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாகப் பெய்யும் மழை, இத்தாலியத்தில் ‘கத்தினெல்லெ’ கணக்கில், அதாவது அண்டா அண்டாவாகப் பெய்யும். நவம்பரில் நம் வீட்டுச் சன்னலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அண்டாதான் பொருத்தமாகப் படும்.

கேள்வி: இத்தாலியச் சொற்களில் மெய்யெழுத்து இரட்டித்து வருவதை என் ஆங்கிலேய நண்பரால் ஒலிக்கவே முடியவில்லை. அது அவ்வளவு முக்கியமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: மிகவும் முக்கியம். ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. ஆண்டைக் குறிக்கும் ‘அன்னோ’வை இரட்டிக்காமல் ‘ஆனோ’ என்று சொல்லிவிட்டால், வயதைச் சொல்ல வந்தவர் உடலின் மறைவான ஓர் உறுப்பைப் பற்றிப் பேசியவராகிவிடுவார். புளிக்கும் புள்ளிக்கும், கனிக்கும் கன்னிக்கும் வேறுபாடு தெரிந்து வளர்ந்த நமக்கு இதில் பயிற்சியே தேவையில்லை. ‘பொலோஞா’வின் கடைசி ஒலியும் அப்படியே, நம்மிடம் வேலையில்லாமல் கிடக்கும் ‘ஞ’ அங்கே அன்றாடம் உழைக்கிறது.

மேலே ‘நோ’ என்றும் ‘நொ’ என்றும் குறிலையும் நெடிலையும் பிரித்து என்னால் எழுத முடிந்ததற்கே ஓர் இத்தாலியருக்கு நன்றி சொல்லவேண்டும். ஓலைச்சுவடிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாமல் இருந்த காலத்தில், ‘ஏ’, ‘ஓ’ ஆகிய நெடில்களுக்கு இன்றைய வடிவத்தையும் இரட்டைக் கொம்பையும் வகுத்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனெ என்ற ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர். தமிழ்நாட்டுக்கு வந்து, 1732இல் சதுரகராதியையும் தொகுத்தவர். ஓர் ஒலியின் நீளம் மாறினால் பொருளும் மாறும் என்பதை, இரட்டை மெய்யோடு வளர்ந்த அவருக்கு எவரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: கணினி, இணையம், சுட்டி என்று நாம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் ஆக்கிவிட்டோம். அவ்வளவு பழைய பண்பாடு கொண்ட இத்தாலியர் ஏன் ஆங்கிலச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? (அங் மோ கியோவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பதில்: ஐயா, அவர்களிடம் கணினி ‘கம்ப்யூட்டர்’தான், சுட்டி ‘மவுஸ்’தான். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு என்று கருதுகிறேன். மறைமலை அடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது அது மக்களிடமிருந்து எழுந்த விருப்பமாக இருந்தது. இத்தாலியிலோ சொல்தூய்மை முசோலினி ஆட்சியின் கட்டளையாக வந்தது. 1940 டிசம்பரில் கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அயற்சொல் கூடாது என்று சட்டமே போட்டார்கள். டென்னிஸைப் ‘பல்லக்கோர்தா’ ஆக்கினார்கள், நிற்கவில்லை. கவிஞர் தன்னூன்ட்ஸியோ சாண்ட்விச்சுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ‘திரமெட்சீனோ’ என்ற சொல் மட்டும் இன்றும் எல்லாக் காப்பிக் கடையிலும் விற்பனையாகிறது, சுவையான பெயர் என்பதால். காற்பந்துக்கு வழங்கும் ‘கால்ச்சோ’வும் நிலைத்தது, அதற்கு உதை என்று பொருள். மற்றபடி, அயற்சொல்லை விரட்டுவது என்றாலே அந்தக் காலத்து நினைவு வந்து, போருக்குப் பிறகு பலர் கூசினார்கள்.

அதற்காக மொழிக்காவலர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஃபுளோரன்ஸ் நகரில் 1583இல் தோன்றிய ‘க்ரூஸ்கா’ கழகம் 1612இல் பேரகராதியை வெளியிட்டது; இன்றும் இயங்கிவருகிறது. ‘க்ரூஸ்கா’ என்றால் தவிடு. மாவையும் தவிட்டையும் பிரிக்கும் சல்லடைதான் கழகத்தின் சின்னம். புதிதாக வரும் ஆங்கிலச் சொற்களுக்கு மாற்றுச் சொல் பரிந்துரைக்க 2015இல் ஒரு குழுவையும் அமைத்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் வேறு. இத்தாலியத்தில் தங்கிவிட்ட ஆங்கிலச் சொற்கள் பல இப்போது ஆங்கிலமாக இல்லை. ‘மிஸ்டர்’ என்றால் காற்பந்துப் பயிற்றுநர். ‘பாக்ஸ்’ என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. ‘ஸ்மோக்கிங்’ என்றால் ஆண்களின் விருந்து உடுப்பு. ‘ஸ்மார்ட் வர்க்கிங்’ என்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் இது நமக்குத் தெரிந்ததுதானே என்று தாண்டிப்போகிறவர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். உணவங்காடி நிலையம் என்று நாம் வைத்த பெயரில் இந்த ஆபத்து இல்லை. தெரியாதவருக்கும் சொல்லே பொருளைச் சொல்லிவிடும். அந்த வகையில் உங்கள் பெருமிதம் நியாயமானதே.

கேள்வி: நம் ஊர் ஆங்கிலப் பேச்சில் வரும் ‘கேன் லா’வை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வது? (ஈசூன் மாணவி)

பதில்: ‘முடியும்’ என்று அகராதிப் பொருளை மட்டும் மாற்றினால் ‘லா’ கீழே விழுந்துவிடும். ‘இதற்குப் போய்க் கேட்கவேண்டுமா, கவலையை விடு’ என்ற தொனிதான் அதன் உயிர். இத்தாலியர் அந்த இடத்தில் ‘மா ஸீ’ என்பார்கள். ‘ஸீ’ என்பது ‘ஆம்’. ‘மா’ என்பதன் பொருள் ‘ஆனால்’. இங்கே அந்த ‘ஆனால்’ எதையும் மறுக்கவில்லை, நம் ‘லா’வைப் போலவே பொருளை உதறிவிட்டுத் தொனிக்காக மட்டும் வந்து நிற்கிறது. நம் ‘லா’ வாக்கியத்தின் வாலில் நிற்கும், அவர்களுடைய ‘மா’ தலையில் நிற்கும். தோளைக் கொஞ்சம் குலுக்கிச் சொல்லிப் பாருங்கள்.